செந்தூருக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கந்த சஷ்டிக்கும் தைப்பூசத்துக்கும் திருச்செந்தூர் போகிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கி, கொஞ்ச நேரம் காலை நீட்டிவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு வருஷம் ஆட்கள் மாறினாலும் கேட்கிற சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். புராணம் சொல்வது எது, கல்வெட்டும் பழைய பாட்டும் சொல்வது எது, ஊர் சொல்வது எது என்று முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன். மூன்றுமே எனக்கு வேண்டியவை. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பேசும்போதுதான் குழப்பம் வருகிறது.

அண்ணாச்சி, அறுபடை வீட்டுல மத்தது எல்லாம் மலைமேல இருக்கு. இது மட்டும் ஏன் கடற்கரையில?

இதுவும் மலைதான். கோயில் நிற்கிற இடத்துக்குச் சந்தனமலை என்று பெயர். கந்தமாதன பர்வதம் என்றும் சொல்வார்கள். கடலை ஒட்டி நின்ற மணற்பாறைக் குன்று அது. காற்றும் அலையும் அரித்தது போக, கோயில் கட்டியது போக, இப்போது பார்த்தவுடன் மலை என்று தெரிவதில்லை. கோயிலுக்கு வடக்கே கடலோரத்தில் வள்ளி குகைக்குள் குனிந்து நுழைகிறீர்களே, அது அந்தப் பாறையின் மிச்சம். உள்பிராகாரத்தின் வடக்கில் பெருமாள் சன்னதி இருக்கிறது; அதையும் அந்தப் பாறையிலேயே குடைந்திருக்கிறார்கள். முருகன் கோயிலில் பெருமாள் எதற்கு என்று கேட்பவர்கள், அந்தச் சன்னதியில் நிற்கும்போது சுவரையும் கொஞ்சம் பாருங்கள். மலை அங்கேதான் இருக்கிறது.

மற்ற ஐந்தும் மலைமேல் என்பதும் முழுக்கச் சரியில்லை. திருவாவினன்குடி பழனி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. சுவாமிமலை மனிதர்கள் கட்டி எழுப்பிய கட்டுமலை.

சூரனோட சண்டை இந்தக் கடற்கரையிலயேவா நடந்துச்சு?

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணப்படி இல்லை. சூரபத்மனின் தலைநகர் வீரமகேந்திரபுரம் தென்கடலின் நடுவே இருந்தது. முருகன் படையோடு வந்து தங்கிய இடம்தான் செந்தூர். இங்கிருந்துதான் வீரபாகுவைத் தூது அனுப்பினார். சிறையில் இருக்கும் தேவர்களை விட்டுவிடு, இந்திரன் மகன் சயந்தனை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தார்கள். சூரன் கேட்கவில்லை. அப்புறம்தான் படை கடலைக் கடந்து போனது. போர் முடிந்ததும் முருகன் திரும்பி வந்து சிவபூஜை செய்ததும் செந்தூரில்தான். ஆக, போருக்கு முன்னால் பொறுமையாகப் பேசிப் பார்த்த இடம் இது; முடிந்த பிறகு அமைதியாக வழிபட்ட இடமும் இதுவே. எனக்கு இந்த ஊர்மேல் தனிப் பிரியம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

கடற்கரையில் சஷ்டியன்று நடக்கும் சூரசம்ஹாரம் அந்தப் போரை நடித்துக் காட்டும் திருவிழா. அதன் வரிசை புராண வரிசையிலிருந்து கொஞ்சம் மாறும். யானை முகத்தோடு முதலில் வரும் தாரகன், புராணத்தில் முருகன் செந்தூர் வந்து சேருவதற்கு முன்பே கிரவுஞ்ச மலையில் மாண்டுவிடுகிறான். ஒரு மாலைப்பொழுதுக்குள் முழுக் கதையையும் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சம்ஹாரம்னா கொன்னாச்சுன்னுதானே? அப்ப மயிலும் சேவலும் எங்க இருந்து வந்துச்சு?

கடைசியில் சூரன் கடலுக்குள் மாமரமாக நிற்கிறான். வேல் அதை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் சீறி வருகின்றன. முருகன் பார்த்த பார்வையில் அவற்றின் கோபம் அடங்குகிறது. மயில் வாகனமாகவும் சேவல் கொடியாகவும் அவரோடே இருந்துவிடுகின்றன. எதிரியை இல்லாமல் ஆக்கியதாகக் கதை முடியவில்லை. அதனால்தான் சம்ஹாரம் முடிந்த மறுநாளே, எந்தத் துக்கமும் இல்லாமல், திருக்கல்யாணம் வைக்கிறார்கள்.

சண்டைக்கு வந்த சாமி, மூலவர் கையில ஏன் பூ வச்சிருக்காரு?

மேலே சொன்ன சிவபூஜையை நினைத்துக்கொள்ளுங்கள். மூலவர் பாலசுப்பிரமணியர் கடலைப் பார்த்துக் கிழக்கு நோக்கி நிற்கிறார். ஒரு கையில் பூ, ஒரு கையில் ஜபமாலை. பூஜை செய்துகொண்டிருந்தபோது தேவர்கள் வந்து நின்றார்களாம். கையில் எடுத்த பூவோடு அப்படியே திரும்பிக் காட்சி கொடுத்தாராம். அவர் பூஜித்த லிங்கங்கள் கருவறைக்குப் பின்புறம் இருக்கின்றன. ஒடுங்கலான வழியாகப் போய்ப் பஞ்சலிங்கத்தைத் தரிசிக்கலாம். கூட்டம் குறைவான நாளில் அனுமதி கிடைத்தால் விடாதீர்கள்.

ஆறு முகத்தோடு தெற்குப் பார்த்து நிற்பவர் சண்முகர். அவர் உற்சவர். இங்கே உற்சவர் ஒருவர் இல்லை, நான்கு பேர்: சண்முகர், ஜெயந்திநாதர், குமரவிடங்கர், அலைவாய்ப் பெருமான். சம்ஹாரத்துக்குக் கடற்கரைக்கு வருபவர் ஜெயந்திநாதர். மறுநாள் கல்யாண மாப்பிள்ளை குமரவிடங்கர். ஊரில் அவரை மாப்பிள்ளைச் சாமி என்றே சொல்வார்கள். ஆவணி, மாசித் திருவிழாக்களில் சண்முகருக்குச் சிவப்பு சாத்தி, வெள்ளை சாத்தி, பச்சை சாத்தி உண்டு. சிவன், பிரம்மா, விஷ்ணு என்று மூன்று கோலம். பச்சை சாத்தியை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும்.

கோயில் எவ்வளவு பழசு? எந்த ராஜா கட்டினது?

ஒரு ராஜா பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. புறநானூற்றின் 55ஆம் பாட்டு ஒரு பாண்டியனை வாழ்த்துகிறது. அதில், செந்தில் கடற்கரையில் காற்று குவித்த மணலைவிட அதிக நாள் நீ வாழ வேண்டும் என்று புலவர் சொல்கிறார். முருகன் நிலைபெற்ற துறை என்றே அந்த ஊர் அதில் வருகிறது. பாட்டு பாடும்போதே அது எல்லாருக்கும் தெரிந்த முருகன் தலம் என்றால், அதன் தொடக்கம் அதற்கும் முன்னால்தான். திருமுருகாற்றுப்படையில் அலைவாய் என்ற பெயரில் இந்த ஊர் இரண்டாவது படைவீடு. ஆறு முகமும் பன்னிரண்டு கையும் என்னென்ன செய்கின்றன என்ற வர்ணனை இந்தப் பகுதியில்தான் வருகிறது. சிலப்பதிகாரக் குன்றக்குரவையிலும் செந்தில் உண்டு.

கல்லில் கிடைக்கும் பெரிய ஆதாரம், 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுணனின் கல்வெட்டு. கோயில் செலவுக்கு 1400 பொற்காசு வைத்தான். அதை மொத்தமாகக் கோயிலில் பூட்டிவைக்கவில்லை. கொற்கை உள்ளிட்ட ஊர்களின் சபைகளிடம் பிரித்துக் கொடுத்தான். முதல் அழியக்கூடாது, ஒவ்வொரு ஊரும் ஆண்டுதோறும் வட்டியாக நெல் அளக்க வேண்டும். புராணத்தை விட்டுவிட்டு வரலாறு மட்டும் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கல்வெட்டைத்தான். ஒரு கடற்கரைக் கோயிலின் விளக்கும் படையலும் சுற்றுவட்டார வயல்களோடு எப்படிப் பிணைந்திருந்தன என்று அதில் தெளிவாகத் தெரியும்.

அப்ப இப்ப நாம பாக்குற கட்டடம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தினதா?

பெரும்பகுதி இல்லை. பழைய கட்டடம் மணற்கல்லால் ஆனது. உப்புக்காற்றுக்கு மணற்கல் தாங்காது. பொருபொருத்து உதிர்ந்துகொண்டே வரும். 19ஆம் நூற்றாண்டில் கோயில் மோசமான நிலைக்கு வந்துவிட்டது. அப்போது மௌன சாமி என்ற துறவி பிராகாரங்களைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வள்ளிநாயக சாமி அந்த வேலையைத் தொடர்ந்தார். 1941இல்தான் அந்தத் திருப்பணிக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அரசரும் இல்லை, ஜமீனும் இல்லை. கையில் ஒன்றும் இல்லாத துறவிகள் ஊர் ஊராக நடந்து காணிக்கை தண்டிக் கட்டிய கோயில் இது. மௌன சாமி, காசி சாமி, ஆறுமுக சாமி மூவருக்கும் கடற்கரையில் மூவர் சமாதி இருக்கிறது. தரிசனம் முடித்த கையோடு அங்கேயும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். நாம் நனையாமல் நிற்கிற நிழல் அவர்கள் கொடுத்தது.

கடைசியாகக் கும்பாபிஷேகம் நடந்தது 2025 ஜூலை 7 அன்று.

ராஜகோபுரம் ஏன் சாமிக்குப் பின்பக்கம் இருக்கு?

சாமி கிழக்கே பார்க்கிறார்; கிழக்கே கடல். ஒன்பது நிலைக் கோபுரத்தின் பாரத்தை அலையடிக்கும் மணலில் இறக்க முடியாது. அதனால் கெட்டியான நிலம் இருக்கிற மேற்குப் பக்கத்தில் கட்டினார்கள். அந்த வாசலை வருஷம் முழுக்கத் திறப்பதில்லை. ஐப்பசியில் தெய்வானை திருக்கல்யாணத்தன்று நடுராத்திரியில் மட்டும் திறப்பார்கள். நாம் நுழைவது தெற்கே, சண்முக விலாசம் பக்கமாக.

கோபுரம் கட்டினவங்களுக்கு விபூதியைக் கூலியாக் கொடுத்தாங்களாமே?

ஊர் அப்படித்தான் சொல்கிறது. கோபுரத்தை எடுத்தவர் தேசிகமூர்த்தி சாமி. முன்னே சொன்ன துறவிகளோடு சேர்த்து எண்ணப்படுகிறவர். கூலி கொடுக்கக் காசு தீர்ந்துபோகவே, பன்னீர் இலையில் விபூதியை மடித்துக் கொடுத்து, தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டிப் போய்ப் பிரித்துப் பாருங்கள் என்றாராம். பிரித்தால் உள்ளே அவரவர் உழைப்புக்குத் தக்க காசு இருந்ததாம். உழைத்தவன் வயிற்றை முருகன் காயவிடமாட்டான் என்று நம்பிய ஜனங்களின் கதை இது. கணக்குப் புத்தகத்தில் தேடி உறுதி செய்ய வேண்டிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

இலை விபூதி இன்றும் கிடைக்கிறது. இலையின் நரம்புகளைப் பன்னிரண்டாக எண்ணி, முருகனின் பன்னிரு கை என்பார்கள். சூரனுக்குப் பயந்த வேதங்கள் பன்னீர் மரமாக வந்து நின்றன என்றும் கதை உண்டு. பன்னீர் மரம் கடற்கரை மணலிலும் உப்புக்காற்றிலும் நன்றாக வளரக்கூடியது. கையருகே இருந்த மரத்தின் இலையிலேயே பிரசாதம் கொடுத்திருக்கிறார்கள்.

டச்சுக்காரங்க சிலையைத் தூக்கிட்டுப் போனது நிஜமா, கதையா?

இரண்டும் கலந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்கடற்கரையில் போர்த்துக்கீசியருக்கும் டச்சுக்காரருக்கும் போட்டி. முத்துக்குளிப்பு நடக்கும் கரை இது. மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி. அந்தச் சச்சரவில் டச்சுப் படை வந்து இந்தக் கோயிலைப் பிடித்துக்கொண்டது வரலாறு. கடலோரத்தில் உயர்ந்த மதிலோடு இருந்த கோயில் அவர்களுக்குக் கோட்டையாகப் பயன்பட்டது. கோயில் வழக்கில் இதை 1646 முதல் 1648 வரை என்று சொல்வார்கள்.

போகும்போது சண்முகர், நடராஜர் திருமேனிகளைக் கப்பலில் ஏற்றினார்கள் என்றும், நடுக்கடலில் புயல் அடிக்கவே பயந்து கடலில் போட்டுவிட்டார்கள் என்றும் மரபு. நாயக்கர் சார்பில் திருநெல்வேலிச் சீமையை நிர்வாகம் செய்த வடமலையப்ப பிள்ளை வேறு சிலை செய்யச் சொல்லிவிட்டார். அப்போது அவர் கனவில் முருகன் வந்து, கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கிற இடத்தில், மேலே கருடன் வட்டமிடுகிற இடத்தில் பார் என்றாராம். 1653இல் திருமேனிகள் கடலிலிருந்து திரும்பி வந்தன. படை வந்ததும் வடமலையப்பர் இருந்ததும் வரலாறு. புயலும் எலுமிச்சம்பழமும் பக்தி. அவர் பெயரில் மண்டபம் இன்றும் இருக்கிறது.

கடல்ல கிடந்தது மூலவர் சிலைன்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?

அது தவறு. மூலவர் கல் திருமேனி; கருவறையை விட்டு எங்கும் போகவில்லை. கடலில் இருந்து வந்ததாகச் சொல்வது உலோகத்தாலான உற்சவர் சண்முகரை. நான்காவது கேள்வியில் சொன்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

கலெக்டர் துரை சாமிக்கு வேர்க்குமான்னு கேட்ட கதை?

கலெக்டர் லஷிங்டன் துரை கோயிலுக்கு வந்தபோது சண்முகருக்கு விசிறிக்கொண்டிருந்தார்களாம். உங்கள் சாமிக்கு வேர்க்குமா என்று கேட்டாராம். மாலையையும் கவசத்தையும் எடுத்துக் காட்டினால் திருமேனியெல்லாம் வேர்வை. இது ஊர்க்கதை. 1803 என்று பொறித்த வெள்ளிப் பாத்திரம் அவர் காணிக்கையாகக் கோயிலில் இருக்கிறது என்பது தனி விஷயம்.

உப்புக் கடலுக்குப் பக்கத்துல நாழிக்கிணத்துத் தண்ணி எப்படி நல்ல தண்ணியா இருக்கு?

தாகத்தில் தவித்த படைவீரர்களுக்காக முருகன் வேலால் குத்தி உண்டாக்கிய ஊற்று என்பது தலபுராணம். பெரிய கிணற்றுக்குள் இறங்கினால், அடியில் ஓரடிச் சதுரத்தில் சின்னக் கிணறு. இறைக்க இறைக்க ஊறும்.

மண்ணின் கணக்கும் சொல்கிறேன். மணலில் இறங்கும் மழைத்தண்ணீர் கடல்நீரைவிட இலேசானது. அதனால் நிலத்துக்கடியில், தண்ணீர்மேல் எண்ணெய் நிற்பதுபோல், உப்புநீருக்கு மேலே நல்ல நீர் ஒரு படலமாக நிற்கும். ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினாலோ கீழே இருக்கும் உப்பு ஏறிவிடும். கொஞ்சமாக, கையால் இறைத்தால் நல்ல நீர் வந்துகொண்டே இருக்கும். கடலோரத்தில் மீனவர்கள் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பதும் இப்படித்தான். நாழியளவு கிணறு என்று அதைச் சின்னதாகவே வைத்திருந்த பெரியவர்களின் அறிவு எனக்கு அந்தத் தண்ணீர் அளவுக்கே அதிசயம். குளிக்கும் முறை: முதலில் கடல், பிறகு நாழிக்கிணறு, அப்புறம் தரிசனம். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் உள்வாங்குது, பாறை தெரியுது. பயப்படணுமா?

வேண்டாம். அந்த இரண்டு நாட்களை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே வரிசையில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். கரை சரிவு குறைவாக இருக்கிற இடத்தில் நீர்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே நிறையத் தூரம் தரை தெரியும். மறுபடி ஏறும். ஆனால் பாசி பிடித்த பாறைமேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். வழுக்கி விழுந்து அடிபடுகிறவர்கள் உண்டு.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று: கடல் அரிப்பு. அண்மை வருஷங்களில் கோயில் முன்னால் மணல் ஆள் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு போகிறது. அந்த அரிப்பில் பழைய தீர்த்தங்களின் பெயர் பொறித்த கற்கள் வெளிப்பட்டன. ஒரு காலத்தில் இங்கே இருபத்துநான்கு தீர்த்தங்கள் இருந்தன என்று தலபுராணம் சொல்வதற்கு அவை துணை நிற்கின்றன.

2004 சுனாமி வந்தப்போ இங்க மட்டும் ஒண்ணும் ஆகலையே, அது எப்படி?

அன்று கடல் உள்வாங்கியது; கோயிலுக்குள் வரவில்லை. முருகன் காத்தான் என்று ஜனங்கள் கும்பிட்டார்கள், இன்றும் கும்பிடுகிறார்கள். நிலப்படத்தைப் பார்த்தால், சுமத்திரா பக்கமிருந்து வந்த அலைக்கு முன்னால் இலங்கை முழு உடம்போடு குறுக்கே கிடக்கிறது. மன்னார் வளைகுடாவின் இந்தக் கரை பெருமளவு அதன் மறைவில் இருந்தது. தீவைச் சுற்றி வளைந்து வந்த அலை குமரி மாவட்டத்தில், குளச்சலில், கொட்டில்பாட்டில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது. அங்கேயும் சாமி கும்பிடுகிறவர்கள்தான் இருந்தார்கள். ஆகவே "இங்கே மட்டும் காப்பாற்றினார்" என்று பிறரிடம் பெருமையாகச் சொல்வதை நான் தவிர்க்கிறேன். நன்றி சொல்லிக் கும்பிடுவது வேறு. அதை நானும் செய்கிறேன்.

அப்ப வீரமகேந்திரபுரத்தைக் கடலுக்கடியில தேடினா கிடைக்குமா?

படித்த பிள்ளைகள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். கந்தபுராணத்தில் வீரமகேந்திரபுரம் சூரனின் ஆயிரத்தெட்டு அண்ட ஆட்சிக்குத் தலைநகர். புராணத்தின் அளவுகளே வேறு. அதைக் கடல்தளத்தில் ஓர் இடமாகக் குறித்து முத்திரை குத்த முடியாது. கடலுக்கடியில் கிடைக்கும் ஒவ்வொரு கல்லையும் சூரன் கோட்டை என்று படம் போட்டு அனுப்புகிறார்களே, அவற்றை நம்பாதீர்கள், மற்றவர்களுக்குத் தள்ளியும் விடாதீர்கள். தேட ஆசையுள்ள பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று கடல் விலகிப்போய் உள்நாட்டு ஊராகிவிட்டது. வரகுணனின் காசுக்கு வட்டி நெல் அளந்த அதே கொற்கைதான். செந்தூரிலிருந்து திரும்பும்போது ஏரல் வழியாக வந்தால் பார்த்துவிட்டு வரலாம்.